இயேசு யாரு, எதுக்கு வந்தாரு: மாற்கு சுவிசேஷத்த ஒரு பென்சிலோட வாசிக்கிற முறை

எங்க வீட்டு ஹால்ல வியாழக்கிழமை சாயங்காலம் ஏழெட்டு பேர் உக்காந்து வேதம் வாசிப்போம். முதல் வாரம் எல்லார் கையிலயும் ஒரு துண்டு பேப்பர் குடுத்து ரெண்டே கேள்விக்கு பதில் எழுதச் சொன்னேன், இயேசு யாரு, அவரு எதுக்கு வந்தாரு. முக்காவாசி பேர் சபையிலயே பொறந்து வளந்தவங்கதான், ஆனா பதில் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்ல. ஒருத்தர் "வியாதிய சுகமாக்க வந்தாரு"ன்னு எழுதியிருந்தார். ஒரு தம்பி "கிறிஸ்தவ மதத்த ஆரம்பிக்க". என் மனைவி கூப்பிட்டாங்களேன்னு வந்த பக்கத்து வீட்டு அக்கா, அவங்க கோயிலுக்குப் போறவங்க, "நல்லது சொன்ன மகான், பாவம் அநியாயமா கொன்னுட்டாங்க"ன்னு எழுதியிருந்தாங்க. ஒரு அத்தை மட்டும் எதுவும் எழுதாம பேப்பர மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் கேன்சர்ல இறந்து ரெண்டு வருஷம்கூட ஆகல, சபையே உபவாசம் இருந்து ஜெபம் பண்ணியும் போயிட்டார்.

அந்த மடிச்ச பேப்பர பாத்ததுக்கு அப்புறம்தான் இத ஒழுங்கா செய்யணும்னு தோணுச்சு. நாங்க எப்படி வாசிச்சோமோ அப்படியே சொல்றேன், வீட்ல தனியாவும் செய்யலாம்.

மாற்குவ எடுத்துக்கோங்க. மொத்தம் 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷத்துல இதுதான் சின்னது, முதல்ல எழுதினதும் இதுதான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. இன்னொரு வசதி, இதுல பிறப்புக் கதையே கிடையாது, அதனால குடில், நட்சத்திரம், கிறிஸ்மஸ் கார்டுல பாத்த வெள்ளக்காரக் குழந்தை எதுவும் கண்ணு முன்னாடி வந்து நிக்காது. ரோமர் ஆதிக்கத்துல இருந்த கலிலேயாவுல, நாசரேத்துங்கிற சின்ன ஊர்ல வளந்த ஒரு யூதத் தச்சர், அவ்ளோதான் ஆரம்பத்துல நமக்குத் தெரியும்.

ஒரே ஒரு கண்டிஷன். வசனத்த துண்டு துண்டா பிச்சு எடுக்காதீங்க. நம்ம வழக்கமே புது வருஷத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டைய எடுத்து அத வருஷம் பூரா சுவர்ல ஒட்டி வச்சுக்கிறதுதான், அதுல தப்பு இருக்குன்னு நான் சொல்லல, ஆனா இயேசுவப் பத்தி நமக்கு இருக்கிற குழப்பத்துல பாதி அப்படி தனித்தனி அட்டையாவே அவரத் தெரிஞ்சு வச்சிருக்கிறதால வர்றது.

இப்ப பென்சில எடுங்க. "வந்தேன்", "வந்தார்"னு இயேசு தன்னப் பத்தி சொல்ற இடத்த எல்லாம் வட்டம் போடுங்க. அவரு எதுக்கு வந்தாருன்னு நாம யோசிச்சுக் கண்டுபிடிக்க வேண்டாம், அவரே சொல்றார். முதல் வட்டம் 1:38லயே, அதாவது 1ஆம் அதிகாரம் 38ஆம் வசனத்துலயே வந்துடும். முந்தின நாள் சாயங்காலம் கப்பர்நகூம்ல ஊரே வாசல்ல வந்து நிக்குது, நெறய பேர சுகமாக்குறார். மறுநாள் விடியுறதுக்கு முன்னாடி எழுந்து தனியா ஜெபம் பண்ணப் போயிட்டார், சீஷன் சீமோன் தேடி வந்து "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்"னு சொல்றார். நாமளா இருந்தா அந்த ஊர்லயே ஒரு கூடாரம் போட்டு உக்காந்திருப்போம். அவரு அடுத்த ஊர்களுக்குப் போவோம், அங்கயும் பிரசங்கம் பண்ணணும், "இதற்காகவே புறப்பட்டுவந்தேன்"ங்கிறார். சுகமாக்குறது அவரோட இரக்கம், குஷ்டரோகியத் தொட்டே சுகமாக்கினவர் அவர், அதுல சந்தேகமே இல்ல, ஆனா ஒரு ஊரோட வைத்தியரா இருக்க அவரு வரல. அடுத்த வட்டம் 2:17, நீதிமான்கள இல்ல, பாவிகள அழைக்க வந்தேன்னு வரி வசூலிக்கிற ஆயக்காரங்க கூட பந்தியில உக்காந்துக்கிட்டே சொல்றார்.

ரெண்டாவது, "இவர் யார்"னு யாராவது கேக்குற இடத்துக்கு எல்லாம் அடிக்கோடு போடுங்க. இது நிறைய வரும். 2ஆம் அதிகாரத்துல நடக்க முடியாத திமிர்வாதக்காரனுக்கு பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு அவரு சொன்ன உடனே வேதத்தக் கத்துக்குடுக்கிற வேதபாரகர் மனசுக்குள்ள, தேவன் ஒருத்தரத் தவிர யாரு பாவத்த மன்னிக்க முடியும்னு நினைக்கிறாங்க. அவங்க கணக்கு சரி, அங்க இருந்து அவங்க போன முடிவுதான் தப்பு. நல்லது சொன்ன மகான் மட்டும்தான்னு நினைக்கிறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா ஒரு மகான் இப்படிப் பேசமாட்டார், இப்படிப் பேசினா அவர மகான்னு சொல்ல முடியாது.

இன்னொரு அடிக்கோடு 4:41. தமிழ் பைபிள்ல "கப்பல்", "கடல்"னு இருக்கிறதால எனக்கு சின்ன வயசுல தூத்துக்குடி துறைமுகத்துல நிக்கிற கப்பல்தான் ஞாபகம் வரும். ஆனா கலிலேயாக் கடல்ங்கிறது 21 கிலோமீட்டர் நீளம் இருக்கிற ஒரு நன்னீர் ஏரி. 1986ல தண்ணி வத்தினப்போ அந்த ஏரிக்கரை சேத்துக்குள்ள இருந்து அந்தக் காலத்துப் படகு ஒண்ண எடுத்தாங்க, எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல நீளம், ரெண்டே கால் மீட்டர் போல அகலம். அந்த மாதிரி ஒரு படகுல புயல் அடிக்கிறப்ப பின்பக்கம் தலையணை வச்சு ஒருத்தர் தூங்குறார். நாங்க சாகுறது உமக்குக் கவலையில்லையான்னு எழுப்புறாங்க, எழுந்து காத்த அதட்டுறார், அமைதியாயிடுது. இதுக்கு அப்புறம்தான் அவங்க ரொம்ப பயந்தாங்கன்னு எழுதியிருக்கு. அந்த ஏரியிலயே வலை வீசிப் பொழச்ச ஆளுங்க புயலத் தெரிஞ்சவங்க, கொந்தளிப்ப அமத்துறவர் கர்த்தர்தான்னு 107ஆம் சங்கீதத்துல படிச்சவங்க. அதனாலதான் "இவர் யாரோ"ன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்க.

மூணாவதா, "யாருக்கும் சொல்லாதே"ன்னு அவரு தடுக்கிற இடத்துல ஓரத்துல ஒரு புள்ளி வைங்க. ஏன் தடுக்கிறாருன்னு புரியணும்னா கிறிஸ்துங்கிற வார்த்தை புரியணும். அது அவரோட குடும்பப் பேர் இல்ல, எபிரேயத்துல மேசியா, அபிஷேகம் பண்ணப்பட்டவர்னு அர்த்தம். தலையில எண்ணெய ஊத்தி ராஜாவா ஆக்குறது இஸ்ரவேல்ல பழைய வழக்கம். கி.மு. 63ல இருந்து ரோமர் பிடியில இருந்த ஜனங்க அவங்கள அடிச்சுத் துரத்துற ஒரு ராஜாவ எதிர்பாத்தாங்க, கி.பி. 6ல யூதாஸ்னு ஒரு கலிலேயன் வரிக்கணக்க எதிர்த்து கலகமே பண்ணினான். கிறிஸ்துன்னு வாய்விட்டுச் சொன்னா அவங்க காதுல அதுதான் விழும். புது மதம்ங்கிற எண்ணமே அங்க கிடையாது, கிறிஸ்தவங்கன்னு பேர் வந்ததே பின்னாடி அந்தியோகியாவுலதான். மதம்னு எழுதின தம்பிக்கு இது பெரிய ஆச்சரியம்.

இப்ப முக்கியமான வேலை. 8:22ல இருந்து 10ஆம் அதிகாரம் கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல சத்தமா வாசிங்க, நடுவுல போன் எடுக்காதீங்க. பெத்சாயிதாவுல ஒரு குருடர்ல ஆரம்பிக்குது, எரிகோவுல பர்திமேயுங்கிற குருடர்ல முடியுது. முதல் ஆளுக்கு ஒரே தடவையில பார்வை முழுசா வரல, மனுஷங்க மரம் மாதிரி நடக்குறாங்கன்னு சொல்றார், மறுபடியும் கை வச்ச பிறகுதான் தெளிவாத் தெரியுது. இயேசுவுக்கு சக்தி பத்தலையோன்னு நான் முன்னாடி குழம்பியிருக்கேன், ஆனா அடுத்த சம்பவம் என்னன்னு பாருங்க, பிலிப்புச் செசரியா, ரோமப் பேரரசரோட பேர வச்ச ஊர், அகஸ்துவுக்குக் கோயில் இருந்த பக்கம், அங்க பேதுரு, அதான் அந்த சீமோன், "நீர் கிறிஸ்து"ன்னு சரியாச் சொல்றார். உடனே இயேசு தான் பாடுபட்டு கொல்லப்பட்டு மூணாம் நாள் எழுந்திருக்கணும்னு சொல்ல, பேதுரு அவரத் தனியாக் கூட்டிட்டுப் போய் கடிந்துகொள்றார். யாருன்னு தெரிஞ்சிருச்சு, எதுக்குன்னு தெரியல. பேதுருவுக்கும் மனுஷங்க மரம் மாதிரிதான் தெரியுது.

இங்க ஒரு வார்த்தைய கவனிங்க. நாம எல்லாரும் வாயில வச்சிருக்கிற "அப்பாலே போ சாத்தானே" மத்தேயு 4ல பிசாசுக்குச் சொன்னது. பேதுருவுக்குச் சொன்னது "எனக்குப் பின்னாகப்போ". அடுத்த வசனத்துலயே "என் பின்னே வர விரும்பினால்"னு வருது, மூலத்துல ரெண்டு இடத்துலயும் அதே வார்த்தைகள்தான். முன்னாடி போய் நின்னு வழி சொல்ல வந்த சீஷனை மறுபடியும் பின்னாடி வந்து நடன்னு சொல்றார். துரத்தி விடல. இத வாசிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இதே மாதிரி மூணு தடவை சாவப் பத்தி சொல்றார், மூணு தடவையும் அவங்க வேற எதையோ பேசுறாங்க. கடைசித் தடவை சீஷர்கள்ல யாக்கோபும் யோவானும் மகிமையில உமக்கு வலதுபக்கமும் இடதுபக்கமும் உக்காரணும்னு கேக்குறாங்க. "நான் உங்களுக்கு என்ன செய்யணும்"னு அவங்ககிட்ட கேட்ட அதே கேள்விய கொஞ்ச நேரத்துல பர்திமேயுகிட்டயும் கேக்குறார், பென்சில்ல ரெண்டையும் ஒரு கோடு போட்டு இணைங்க. ஒருத்தங்க நாற்காலி கேட்டாங்க, இன்னொருத்தர் பார்வை கேட்டார். அந்த வலது இடதுக்கு 15:27 வரைக்கும் பொறுத்துப் போங்க, யாருக்கு அது கிடைச்சதுன்னு தெரியும்.

நடுவுல 10:45 இருக்கு, இதுக்கு ரெண்டு வட்டம் போடலாம். ஊழியம் வாங்க வரல, ஊழியம் செய்யவும் "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும்" வந்தார். ஊழியம்னா இப்ப நமக்கு மேடை, மைக், போஸ்டர்ல போட்டோ. மூல வார்த்தை பந்தியில பரிமாறுற வேலையச் சொல்றது. மீட்பும் அப்படித்தான், வெள்ளத்துல மாட்டினவங்கள மீட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சுப் படிச்சு தூக்கிக் கரையேத்துறதுன்னு நினைச்சுக்கிறோம், ஆனா மீட்கும்பொருள்னா அடிமையையோ கைதியையோ விடுவிக்கக் கட்டுற விலை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது எங்க எல்லாருக்கும் முன்னாடி புரிஞ்சுது, "அடகு வச்ச நகைய மீக்கிற மாதிரியா"ன்னு கேட்டாங்க. ஆமாக்கா, விலை அவரோட உயிருன்னு சொன்னேன். அநியாயமாக் கொன்னாங்கன்னு அவங்க எழுதினது பொய் இல்ல, ஆனா இயேசு அங்க ஏமாந்து மாட்டிக்கல, தெரிஞ்சேதான் எருசலேமுக்கு நடந்தார்.

இதுக்கு மேல 11ல இருந்து 16 வரைக்கும் மெதுவாப் போங்க, ஒரு வாரத்துக்கு ஒரு அதிகாரம் போதும். 14:62ல பிரதான ஆசாரியர்கிட்ட தன்ன மனுஷகுமாரன்னு சொல்ற இடத்துல பழைய ஏற்பாட்டு தானியேல் 7:13, 14ஐயும் பக்கத்துல திறந்து வச்சுக்கோங்க, அது வெறும் மனுஷன்னு சொல்ற தாழ்மையான பட்டம்னு நினைச்சிட்டு இருந்தீங்கன்னா அங்க தெளிவாயிடும்.

14:36 வாசிச்ச வாரம் அந்த அத்தைதான் சத்தமா வாசிச்சாங்க. இந்தப் பாத்திரத்த, அதாவது வரப்போற பாடுகள, என்கிட்ட இருந்து எடுத்துப்போடும்னு இயேசு பிதாகிட்ட கேக்குறார், எடுக்கப்படல. அத்தை அதோட நிறுத்திட்டு, "இவரும் கேட்டுக் கிடைக்கலையா"ன்னாங்க. யாரும் பதில் சொல்லல, நானும் சொல்லல. அவங்க பைபிளுக்குள்ள இருந்து அந்த மடிச்ச பேப்பர எடுத்து, பென்சில் வாங்கி, ரெண்டு வரி எழுதி மறுபடியும் உள்ள வச்சுக்கிட்டாங்க.

மாற்கு முடிஞ்சதும் லூக்கா 24ல எம்மாவுக்கு நடந்து போற அந்த ரெண்டு பேரோட கதைய வாசிங்க, "நம்பியிருந்தோம்"னு அவங்க சொல்ற இடத்துல ஒரு அடிக்கோடு.