டெல்டாவிலிருந்து பி.ஆர்க்: கையைக் கடிக்காமல் படிக்க வழி

எனக்கு மன்னார்குடிப் பக்கம் கிராமம். எங்கள் ஊரில் வீடு கட்டுவதென்றால் மேஸ்திரியைக் கூப்பிடுவோம், பேங்க் லோனுக்குப் பிளான் வேண்டுமென்றால் டவுனில் இன்ஜினியர் ஆபீசுக்குப் போவோம், அவ்வளவுதான். ஆர்கிடெக்ட் என்று தனியாக ஒரு ஆள் உண்டு என்பதே எனக்குப் பிளஸ் டூவில்தான் தெரியும். அதற்கான ஐந்து வருஷப் பட்டம், பி.ஆர்க், படிக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "சிவில் நாலு வருஷம், இது ஏன் அஞ்சு?" அந்த ஐந்தாவது வருஷத்துக்கு எத்தனை மூட்டை நெல் போகும் என்பதுதான் அவர் கணக்கு. இப்போது சித்தி மகளுக்காக அதே அலைச்சலை மறுபடி அலைந்துவிட்டேன், அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1972ஆம் வருஷத்து ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் வாங்கி கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பதிந்தவர்தான் பெயருக்குப் பின்னால் ஆர்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். அதனால் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் கவுன்சிலின் இணையதளத்தில் பட்டியலைத் திறந்து, அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, இந்த வருஷத்துக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை சீட் என்று நீங்களே பாருங்கள். நோட்டீஸில் போட்டிருக்கிறது என்று நம்ப வேண்டாம். தபால் வழியில் பி.ஆர்க் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், அதைக் கவுன்சில் ஏற்பதில்லை. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் வெளியே சொல்வதில்லை. 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்னவென்றால், சட்டம் காப்பது அந்தப் பெயரைத்தான், வீடு வடிவமைக்கும் வேலையை அல்ல. ஆகவே திருவாரூரிலோ கும்பகோணத்திலோ ஒரு சின்ன ஆபீஸ் போட்டு வீட்டுப் பிளான் போடுவதுதான் உங்கள் ஆசை என்றால், அதற்கு ஐந்து வருஷப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இரண்டு வருஷம், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ சிவில் மூன்று வருஷம், இரண்டும் அரசு நிறுவனத்தில் கிடைத்தால் செலவு மிகவும் குறைவு. கணிதம் படித்த மூன்று வருஷ டிப்ளமோவை வைத்துப் பிறகு பி.ஆர்க் சேரவும் முடியும், ஆனால் முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பி.இ.யில் போல நேரடியாக இரண்டாம் வருஷம் என்பது இங்கே கிடையாது. இதைத் தெரியாமல் மூன்று வருஷம் மிச்சம் என்று கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பி.ஆர்க்தான் என்று முடிவு செய்துவிட்டால், காசு குறைவாகப் போகும் கதவுகளை முதலில் தட்டுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது துவாக்குடியில் ஒரு பெரிய கேம்பஸைப் பார்த்திருப்பீர்கள். என்ஐடிதான், அங்கே பி.ஆர்க் இருக்கிறது. டெல்டா பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத் தினமும் கடந்து போகிறார்கள், விண்ணப்பிப்பதில்லை. ஜேஇஇ மெயினில் பேப்பர் 2ஏ எழுத வேண்டும்: கணிதம், ஆப்டிட்யூட், அப்புறம் கையால் வரையும் பகுதி. சீட்டில் பாதி நம் மாநிலத்துக்காரர்களுக்கு. பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், எஸ்சி, எஸ்டி என்றால் 65. டியூஷன் ஃபீஸ் ஒரு செமஸ்டருக்கு 62,500 என்று பார்த்ததும் பயந்து பக்கத்தை மூடிவிடாதீர்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்துக்குள் என்றால் டியூஷன் முழுவதும் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி. அதைச் சேர்த்தும் கணக்குப் போட்டுப் பாருங்கள், பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியைவிடக் குறைவாக வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அடுத்தது மாநிலக் கவுன்சிலிங். நாட்டா என்கிற பி.ஆர்க் நுழைவுத் தேர்வு மதிப்பெண் 200, பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குக் குறைத்துச் சேர்த்து, மொத்தம் 400க்கு ரேங்க். பி.இ. விண்ணப்பம் போட்டாயிற்று, அதிலேயே இதுவும் வந்துவிடும் என்று என் சித்தப்பா நினைத்துக்கொண்டிருந்தார், வராது, பி.ஆர்க் கவுன்சிலிங்குக்குத் தனியாகப் பதிய வேண்டும். ரேங்க் நன்றாக இருந்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளிதான் முதல் இடம், கிண்டியில் இருக்கிறது, அரசுக் கட்டணம். சென்னை தூரம் என்று அம்மாக்கள் சொல்வார்கள். ஐந்து வருஷ வித்தியாசத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், தூரம் குறைந்துவிடும்.

கவுன்சிலிங் வழியாகப் போவதில் இன்னொரு லாபம் சலுகைகள். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ், அதற்கு டியூஷன் கட்டணச் சலுகை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு, அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆயிரம் ஷீட்டுக்கும் பிரிண்டுக்கும் சரியாக இருக்கும். சான்றிதழ்களை ரிசல்ட் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டம் ரேஷன் கடையில் பொங்கல் பரிசு வாங்கும் கூட்டம் மாதிரி இருக்கும், நடுவில் சர்வர் வேறு படுத்துக்கொள்ளும். மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ நேரடியாகச் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை வராது. "சேருங்க, அப்புறம் வாங்கித் தர்றோம்" என்பது வெறும் பேச்சு.

பேச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. சித்தி வீட்டுக்கு ஒரு ஏஜென்ட் வந்தார், சட்டைப் பையில் நாலு கல்லூரி விசிட்டிங் கார்டு. சீட் போய்விடும், பத்தாயிரம் இன்றைக்கே என்றார். சித்தி கொடுத்தும்விட்டாள். ரசீது கேட்டதற்கு வாட்ஸாப்பில் வரும் என்றார், இன்னும் வந்துகொண்டிருக்கிறது. பணம் கட்டினால் கல்லூரி ஆபீசில், கல்லூரி பெயரில், ரசீதோடு. ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்ள யூஜிசி அனுமதிப்பதில்லை, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.

பெயர்ப் பலகையில் ஆர்கிடெக்ட் என்று போடுவதைவிடக் கோவில் வேலை, கல் வேலை, மரபுக் கட்டடம் இவற்றில்தான் மனசு என்றால், மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. 1957இல் தொடங்கியது, கணபதி ஸ்தபதி தலைமை தாங்கிய இடம், மரபுக் கட்டடக்கலையில் நாலு வருஷ பி.டெக் தருகிறார்கள், அரசுக் கட்டணம். பெரிய கோவிலையும் தாராசுரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் அங்கே போகாதது எனக்குப் புரியாத விஷயம். ஆனால் அது பி.ஆர்க் அல்ல, இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேராதீர்கள்.

இப்போது கையைக் கடிக்கும் இடத்துக்கு வருகிறேன். ஃபீஸ் என்று அவர்கள் சொல்வது ஒரு வருஷத்துக்கு. அதை ஐந்தால் பெருக்கிவிட்டு, சொல்லாததை அதன் கீழே எழுதுங்கள்: டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், பேனாக்கள், ஷீட், பிளாட்டர் பிரிண்ட், மாடல் சாமான், ஸ்டடி டூர், இரண்டாம் வருஷத்துக்குள் ஒரு லேப்டாப். இதில் பாதியைக் குறைக்கலாம். போர்டையும் டி-ஸ்கொயரையும் கடைசி வருஷ சீனியரிடம் பாதி விலைக்கு வாங்குங்கள், அவர்களுக்கும் ஹாஸ்டல் அறையைக் காலி செய்தாக வேண்டும். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம், கல்லூரி அடையாளத்தைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம், பிளெண்டர் எல்லோருக்குமே இலவசம். மாடலில்தான் காசு கரையும். இரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில், மவுண்ட் போர்டில் மூன்று ராத்திரி வெட்டி ஒட்டிய ஒரு வீட்டை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், ஷட்டர் இறங்கவில்லை. கல்லூரி வாசலில் இறங்கும்போது கூரை அப்பளம் மாதிரி ஊதியிருந்தது. மாடலைப் பார்த்து மதிப்பெண் போடும் ஜூரியில் ஒருவர் "இது வளைவுக் கூரையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பழைய அட்டைப் பெட்டியில்தான் முதல் மாடல் செய்வேன், கடைசி ஒன்றுக்கு மட்டும் நல்ல போர்டு, மேலே உரச் சாக்குக்குள் இருக்கும் பாலித்தீன் உறை.

கடன் வாங்க வேண்டியிருந்தால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பியுங்கள், அதற்கு ஒரு நம்பர் வரும், அந்த நம்பரோடு கிளைக்குப் போங்கள். 7.5 லட்சம் வரை ஈடு இல்லாமல் கொடுக்க மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, ஆனாலும் மேனேஜர் வயல் பட்டாவைக் கேட்பார். திட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் அட்மிஷன் ஆபீசோடு திரும்பி வராதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டுடியோவுக்குப் போய், சப்மிஷனுக்கு ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தி மூன்று கேள்வி கேளுங்கள்: போன செமஸ்டரில் பிரிண்டுக்கும் மாடலுக்கும் எவ்வளவு ஆனது, டூருக்குத் தனியாக எவ்வளவு வாங்கினார்கள், சொல்லிக்கொடுக்கிறவர்கள் வெளியே உண்மையாகவே கட்டடம் கட்டுகிறார்களா. ட்ரெய்னிங் செமஸ்டருக்கு சீனியர்கள் எங்கே போனார்கள், ஸ்டைபெண்டு கிடைத்ததா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். சித்தி மகள் கேட்டபோது அந்தப் பெண் பையிலிருந்து ஜெராக்ஸ் கடை பில்களை ரப்பர் பேண்டோடு எடுத்து அப்படியே நீட்டினாள். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம், ஒரு செமஸ்டருக்கு எங்கள் மதிப்பைவிட ஆறாயிரம் கூட.