ஈறு சர்ஜரி பண்ணியாச்சா? புண்ணு நல்லா ஆற இதைச் செய்ங்க

ஈறுல இருக்கற கருமையை எடுத்தது, சிரிச்சா ஈறு ரொம்ப தெரியுதுன்னு வெட்டி சரி பண்ணது, இறங்கிப்போன ஈறுக்கு அண்ணத்துலேர்ந்து திசு எடுத்து ஒட்டினது, இதுல எதுவா இருந்தாலும் முதல் ரூல் ஒண்ணுதான், புண்ணை நோண்டாதீங்க.

முதல் 24 மணி நேரம் வெட்டின இடத்துல உறைஞ்ச ரத்தம் அப்படியே நிக்கணும், அதனால ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறது, காறித் துப்பறது, வேகமா கொப்பளிக்கறது எதுவும் கூடாது. ஐஸை துணில சுத்தி கன்னத்துக்கு வெளில 10, 15 நிமிஷம் வச்சு வச்சு எடுங்க. வலிக்குதுன்னு நீங்களா ஆஸ்பிரின் போடாதீங்க, ரத்தம் கசியும்.

ரெண்டு மூணு நாள்ல புண்ணு மேல வெள்ளையா, லேசா மஞ்சளா வழவழன்னு ஒரு படலம் தெரியும். நிறைய பேரு சீழ்னு பயந்துபோய் பஞ்சை வச்சு துடைச்சு எடுத்துடறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, அது சீழ் இல்ல, ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையறப்போ உண்டாகற புரதப் படலம், அதுக்கு அடியிலதான் ஓரத்துலேர்ந்து புதுத்தோல் ஒரு நாளைக்கு சுமார் அரை மில்லிமீட்டர்னு நகர்ந்து வந்து மூடுது, துடைச்சா அந்த வேலை கெட்டுப்போகும். உதட்டை இழுத்து இழுத்து கண்ணாடில பாக்கறதும் வேணாம், தையல் பிரியும், ஒட்டின திசு நகரும்.

மத்த பல்லை வழக்கம்போல தேய்க்கணும், புண்ணு பக்கம் மட்டும் டாக்டர் சொல்றவரைக்கும் பிரஷ் போகக்கூடாது. அங்க அழுக்கு சேராம பாத்துக்கறது குளோரெக்சிடின் மவுத்வாஷ்தான், ஆனா பேஸ்ட் போட்டு தேய்ச்ச உடனே ஊத்தினா பேஸ்ட்ல இருக்கற நுரைப்பொருள் அதோட வேலையை குறைச்சிடும், அரை மணி நேரம் கேப் விடுங்க. பல்லுல பழுப்பு கறை படியலாம், அப்புறம் கிளீன் பண்ணிக்கலாம்.

சிகரெட் சுத்தமா வேணாம், நிகோட்டின் ரத்தக்குழாயை சுருக்கிடும், ரத்தம் வராத இடத்துல எப்படி சதை வளரும்? ஒட்டு வச்சவங்களுக்கு இது இன்னும் முக்கியம். சுகர் இருந்தா கட்டுப்பாட்டுல வைங்க. மென்மையா, ஆறவச்சு சாப்பிடுங்க, புரோட்டீன் குறையாம.

மேல்தோல் ஒண்ணு ரெண்டு வாரத்துல மூடிடும், உள்ள கெட்டிப்பட இன்னும் சில வாரம் ஆகும், அதுவரைக்கும் ஷேப் சரியில்லையேன்னு மனசை வருத்திக்காதீங்க. ஆனா ஈரமான காஸ் துணியை 20 நிமிஷம் அழுத்திப் பிடிச்சும் ரத்தம் நிக்கல, மூணு நாளுக்கு அப்புறமும் வீக்கம் ஏறுது, காய்ச்சல், சீழ்னு ஏதாவது இருந்தா காத்திருக்காம உடனே டாக்டருக்கு போன் பண்ணிடுங்க.