நிழலை வைத்து மரத்தை அளப்பது

வீட்டிலேயே படிக்கும் என் மகளுக்கு விகிதம் ஏறவே இல்லை. சரி என்று நோட்டை மூடிவிட்டு வாசலுக்கு வந்தோம்.

காலை ஒன்பது மணி. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழலை அளந்தாள்: 1.25 மீட்டர். உடனே தென்னையின் நிழல்: 10 மீட்டர். பத்தை 1.25ஆல் வகுத்தால் 8. மரத்தின் உயரம் 8 மீட்டர். இரண்டையும் அடுத்தடுத்து அளக்க வேண்டும். முதல் தடவை நடுவில் காபி குடிக்கப் போய்க் கணக்கைக் கெடுத்தது நான்தான். தரை சமமாக இருக்கட்டும். உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே சுருங்கிவிடும், வேண்டாம்.

அப்புறம் எழும்பூர் அருங்காட்சியகம். திமிங்கில எலும்புக்கூட்டின் நீளத்தைக் காலடியால் எண்ணச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. புத்தகத்துக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு.