ட்யூப் ப்ரீஆம்ப்: குமிழைத் திருகும் முன் கேபிளைப் பாருங்கள்

சென்ற மாதம் வடபழனியில் உள்ள ஒரு ஒத்திகை அறைக்குப் போயிருந்தபோது, பக்கத்து அறையில் ஓர் இளைஞர் முக்கால் மணி நேரமாக ஒரே ரிஃப்பைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒலி சற்று மாறியது. ஒரு முறையும் நன்றாக இல்லை. எட்டிப் பார்த்தேன். யாரிடமிருந்தோ வாங்கிய பழைய மார்ஷல் ஜேஎம்பி-1 ப்ரீஆம்ப் (கிட்டார் ஒலியைக் கண்ணாடி வெற்றிடக் குழாய்களால், அதாவது ட்யூப்களால், பதப்படுத்தும் பெட்டி), அதிலிருந்து ஒரு கேபிள், அந்தக் கேபிளின் மறுமுனை அறையில் இருந்த காம்போ ஆம்பின், அதாவது ஸ்பீக்கரும் சேர்ந்த ஆம்பின், முன்பக்க இன்புட்டில். "அண்ணா, இதுல ட்யூப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன், மாத்திடட்டுமா?" என்று கேட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை ஒரு ரிப்பேர்க்காரரிடம் கேட்டவன் நான். அவர் மாற்றியும் கொடுத்தார், காசும் வாங்கிக்கொண்டார்.

கம்பி தேய்ந்திருப்பது, சுருதி சேராதது, கேபிள் அறுந்திருப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியாமல் காசையும் காலத்தையும் தின்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ப்ரீஆம்பை இன்னொரு ப்ரீஆம்புக்குள் செருகுவது

கிட்டார் ஆம்ப் என்று நாம் ஒரே பெயரில் அழைக்கும் பெட்டிக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. முதல் பாதி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கி, அதற்கு நிறமும் டிஸ்டார்ஷன் என்ற கரகரப்பும் தருகிறது, அது ப்ரீஆம்ப். இரண்டாம் பாதி, அப்படித் தயாரான சிக்னலுக்கு ஸ்பீக்கரைத் தள்ளும் வலுவைத் தருகிறது. அது பவர் ஆம்ப். 1987இல் வந்த ஏடிஏ எம்பி-1, 1991இல் வந்த மேசா பூகி ட்ரையாக்ஸிஸ், 1992இல் வந்த ஜேஎம்பி-1 எல்லாமே இந்த முதல் பாதியை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்றேமுக்கால் அங்குல உயரமுள்ள ரேக் பெட்டிக்குள் அடக்கி, மிடி (இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை) மூலம் காலால் மாற்றக்கூடிய ப்ரீசெட்களோடு, அதாவது சேமித்துவைத்த அமைப்புகளோடு, கொடுத்தவை. இவற்றின் அடுத்த கண்ணி பவர் ஆம்ப் மட்டுமே. இப்படிப்பட்ட ப்ரீஆம்பைக் காம்போவின் முன்பக்க இன்புட்டில் செருகும்போது, வேலை முடிந்த சிக்னலை மறுபடியும் முதல் பாதிக்குள் அனுப்புகிறோம்.

இதில் கெடுவது ஒன்றல்ல. முதலாவது, அளவு. பிக்கப்பிலிருந்து இயல்பான வாசிப்பில் வருவது பெரும்பாலும் கால் வோல்ட், அரை வோல்ட். ஆம்பின் முன்பக்க இன்புட் அதற்காகவே அமைக்கப்பட்டது. ரேக் கருவிகள் பேசும் லைன் லெவல், +4 என்று குறிக்கப்பட்ட நிலையில் சுமார் 1.23 வோல்ட். அதை வாங்கியதும் காம்போவின் முதல் கட்டமே திணறி, நீங்கள் கேட்காத இரண்டாவது டிஸ்டார்ஷனை முதல் டிஸ்டார்ஷனின் மேல் பூசுகிறது. க்ளீன் சேனலில்தானே வைத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. இரண்டாவது, டோன் சுற்று. ஃபெண்டர், மார்ஷல் வழியில் வந்த ஆம்ப்களின் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் (அடி, நடு, உச்ச ஒலிகளைக் கூட்டிக் குறைப்பவை) எல்லாம் ஐந்தில் நின்றாலும் அந்தச் சுற்று சமமாக இருப்பதில்லை. நடு அலைவரிசைகளில் ஒரு பள்ளம் அதன் பிறவிக் குணம். ப்ரீஆம்ப் ஏற்கெனவே தன் நிறத்தைக் கொடுத்து முடித்த ஒலியில் இது இன்னொரு பள்ளம் தோண்டுகிறது. கிட்டார் வாழும் இடமே அந்த நடுப்பகுதிதான். மூன்றாவது, இரைச்சல். முதல் பெட்டியின் 'ஸ்ஸ்' சத்தத்தை இரண்டாம் பெட்டி அப்படியே பெருக்குகிறது.

இவ்வளவும் சேர்ந்த ஒலி எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். தனியாகக் கேட்டால் கூர்மையாகக் காதைக் கிழிக்கும். டிரம்ஸ் தொடங்கியதும் கிட்டாரே காணாமல் போகும். இரண்டும் ஒரே ஒலிக்கு எப்படிப் பொருந்தும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. காதைக் கிழிக்கிறதென்று ட்ரெபிளைக் குறைத்தேன்; காணவில்லையென்று கெயினை, அதாவது டிஸ்டார்ஷனின் அளவை, ஏற்றினேன். அது சரிவராதபோது பிக்கப்பை மாற்றினேன். பிறகு இரண்டு ட்யூப்களையும் மாற்றினேன். பிறகு விலையுயர்ந்த கேபிள் வாங்கினேன். கடைசியாகக் காம்போவின் ஸ்பீக்கரையே மாற்றினேன். இப்படியே ஒன்றரை ஆண்டு போயிற்று. ஒரு கல்லூரி நிகழ்ச்சியின் சவுண்ட் செக்கில், எங்களுக்கு முன் வாசித்த குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் என் பின்னால் வந்து நின்று பார்த்தார். ஒன்றும் பேசாமல் முன்பக்கக் கேபிளைப் பிடுங்கி, ஆம்பின் பின்னால் குனிந்து, எஃபெக்ட்ஸ் லூப்பின் 'ரிட்டர்ன்' துளையில் செருகினார். ப்ரீஆம்ப் பாதியைத் தாண்டி நேராகப் பவர் ஆம்புக்குள் போகும் வழி அது. பத்து வினாடி ஆகியிருக்காது. பழைய ஸ்பீக்கரை அதற்குள் விற்றுவிட்டிருந்தேன்.

செலவுகூட மறந்துவிட்டது. மறக்காதது, அந்த ஒன்றரை ஆண்டுக்குள் நாங்கள் ஒலிப்பதிவு செய்த நான்கு பாடல்கள். குழு இப்போது இல்லை. பதிவு மட்டும் இருக்கிறது. கிட்டார் வரும் இடங்களிலெல்லாம், ஓடும் மேசை மின்விசிறியின் மீது காகிதத்தைப் பிடித்தது போன்ற ஓர் ஓசை. அந்தப் பாடல்களை யாராவது பாராட்டினாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆகவே ப்ரீஆம்பின் அவுட்புட்டை ரிட்டர்னில் செருகுங்கள். ஆனால் செருகும் முன் ப்ரீஆம்பின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பல ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் ரிட்டர்னுக்கு முன்னாலேயே இருப்பதால், ரிட்டர்னில் நுழையும் சிக்னலைத் தடுக்க அங்கே எந்தக் குமிழும் இல்லை. பவர் ஆம்ப் முழு வாய் திறந்து காத்திருக்கும். லூப், ஆம்பின் சொந்த ஒலியையும் கூடவே கலக்கும் பேரலல் வகையாக இருந்து அதற்கு மிக்ஸ் குமிழ் இருந்தால், அதை முழுவதும் எஃபெக்ட் பக்கம் திருப்புங்கள். பல ப்ரீஆம்ப்களின் பின்புறத்தில் +4, -10 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். காம்போவின் ரிட்டர்னுக்கு -10இல் தொடங்குவது நல்லது. ரேக் பவர் ஆம்ப் என்றால் +4. இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 12 டெசிபல் வித்தியாசம் உண்டு. ஒலி சூம்பிப் போயிருப்பதற்கும் பவர் ஆம்ப் கத்துவதற்கும் பல சமயம் அந்தச் சிறு சுவிட்சே காரணம்.

ஆம்பில் லூப்பே இல்லை, வேறு வழியும் இல்லை என்றால், ஃபெண்டர் வகைச் சுற்று உள்ள ஆம்பில் பேஸையும் ட்ரெபிளையும் பூஜ்யத்தில் வைத்து, மிட்டை மட்டும் பத்துக்கு ஏற்றுங்கள். பார்ப்பதற்கு விபரீதமாக இருக்கும். ஆனால் அந்த நிலையில்தான் அந்தச் சுற்று ஏறக்குறைய சமதளமாகிறது. ப்ரீஆம்பின் வெளியீட்டை மிகக் குறைவாக வைத்து ஒரு நிகழ்ச்சியை ஒப்பேற்றலாம். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

வடபழனி இளைஞரின் ஆம்பில் ரிட்டர்ன் இருந்தது. கேபிளை மாற்றியதும் மூன்று சுரங்கள் வாசித்தார், நிறுத்தினார், ப்ரீஆம்பைப் பார்க்காமல் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கையறையில் அமைத்துவிட்டு மேடைக்குப் போவது

தாழ்ந்த ஒலியில் நம் காது அடி ஒலிகளையும் உச்ச ஒலிகளையும் குறைத்தே கேட்கும். இதை 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைபடமாகவே கொடுத்துவிட்டார்கள். இரவில் வீட்டார் தூங்கும்போது மெதுவாக வைத்து அமைத்தால், குறைவாகக் கேட்பதை ஈடுகட்டப் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி மிட்டை இறக்குவோம். அறையில் அது பிரமாதமாக இருக்கும். அதே ப்ரீசெட்டை மேடையில் உரக்க வைக்கும்போது காது தன் குறையை நீக்கிக்கொள்கிறது; நாம் கொடுத்த ஈடு மட்டும் மிஞ்சி நிற்கிறது. அடியில் அது பேஸ் கிட்டாரோடும் கிக் டிரம்மோடும் மோதுகிறது, மேலே சிம்பல்களோடு மோதுகிறது. இவற்றுக்கு நடுவே கிட்டாருக்கென்று இருந்த இடத்தை நாமே மிட்டைக் குறைத்துக் காலி செய்துவிட்டோம்.

எனவே ஒரு முறையாவது, ஒத்திகை அறையில், டிரம்ஸ் வாசிக்கப்படும்போதே அமைத்துச் சேமியுங்கள். தனியாகக் கேட்கும்போது மூக்கால் பேசுவதுபோல் சற்று அசிங்கமாக இருக்கும் ஒலிதான் குழுவில் நிற்கும். வீட்டுக்கென்று தனி ப்ரீசெட் வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை. ஜேஎம்பி-1இல் நூறு இடங்கள் இருக்கின்றன.

எல்லா ப்ரீஆம்பிலும் பேஸ் குமிழ் ஒரே வேலையைச் செய்கிறது என்று நம்புவது

இதைப் பல ஆண்டு வாசித்தவர்களும் கவனிப்பதில்லை. மார்ஷல் வழி ப்ரீஆம்ப்களில் டோன் கட்டுப்பாடுகள் டிஸ்டார்ஷன் உண்டாகும் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே பேஸை ஏற்றினால், ஏற்கெனவே உருவான ஒலியின் அடி கனக்கிறது, அவ்வளவுதான். மேசா பூகியின் மார்க் வரிசை ஆம்ப்களின் வழியில், அதன் வாரிசான ட்ரையாக்ஸிஸின் லீட் நிலைகளிலும், டோன் கட்டுப்பாடுகள் கெயின் கட்டங்களுக்கு முன்னால் நிற்கின்றன. அங்கே பேஸை ஏற்றினால் கனமான அடி ஒலிதான் முதலில் ட்யூபுக்குள் போய் அதைத் திணறடிக்கும். தாழ்ந்த கம்பியில் வேகமாக வாசித்தால் ஈர மணலில் நடப்பதுபோல் ஒவ்வொரு சுரமும் புதையும். ஆகவே அந்த வகையில் பேஸை மிகக் குறைவாகவும் ட்ரெபிளைத் தாராளமாகவும் வைத்து இறுக்கமான டிஸ்டார்ஷனை முதலில் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்; அடி வேண்டுமென்றால் பின்னால் வரும் ஈக்யூவிலோ, ட்ரையாக்ஸிஸில் டைனமிக் வாய்ஸ் என்ற கட்டுப்பாட்டிலோ தேட வேண்டும். ஒரு ப்ரீஆம்பின் எண்களை இன்னொன்றில் அப்படியே போட்டுவிட்டு 'இது என் கைக்குச் சரிப்படவில்லை' என்று விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

இரண்டு வகை அவுட்புட்களை மாற்றிச் செருகுவது

ஜேஎம்பி-1இன் பின்புறத்தில் சாதாரண அவுட்புட்களும், ஸ்பீக்கர் எமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரைப் போலவே வடிகட்டும் சுற்று) சேர்ந்த அவுட்புட்களும் தனித்தனியே உண்டு. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டிஸ்டார்ஷனின் கொசு ரீங்காரத்தை அதுதான் வடிகட்டுகிறது. மிக்ஸருக்குப் போவதற்கு எமுலேஷன், பவர் ஆம்ப் வழியாகக் கேபினெட்டுக்குப் போவதற்குச் சாதாரணம். மாற்றிச் செருகினால் ஒரு பக்கம் கொசு, மறுபக்கம் கம்பளி போர்த்திய ஒலி.

கெயின்

பாதியாகக் குறையுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம்.

எதற்கெடுத்தாலும் ட்யூபைக் குற்றம் சொல்வது

ப்ரீஆம்பில் இருக்கும் 12ஏஎக்ஸ்7, அதாவது ஐரோப்பாவில் இசிசி83 என்று அழைக்கப்படும் ட்யூப், முறையாகப் பயன்படுத்தினால் பல ஆண்டு உழைக்கும். பவர் ட்யூப்களைப் போல அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. ஒலி திடீரென்று வெடித்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ, பென்சிலின் பின்முனையால் ட்யூபை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் மணி அடித்தாலோ மாற்றுங்கள். பெட்டிக்குள் உயர் மின்னழுத்தம் இருப்பதால், பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். ஒலி பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் ட்யூப் மாற்றுகிறவர்கள், முதல் தலைப்பை இன்னொரு முறை படிக்கலாம். ரேக்கில் ப்ரீஆம்புக்கு மேல் ஒரு இடம் காலியாக விட்டால் வெப்பம் வெளியேறும், நம் ஊர் வெயிலில் அது அவசியமும்கூட.

அமெரிக்கப் பெட்டியை நேரடியாக 230 வோல்ட்டில் செருகுவது

பின்புறத்தில் 115 அல்லது 120 மட்டும் எழுதியிருந்தால், ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ட்யூப் பவர் ஆம்பை ஓட்டுவது

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ப்ரீஆம்ப் தனியாக ஓடலாம். ட்யூப் பவர் ஆம்ப் ஓடக் கூடாது.

ஹம் சத்தத்துக்காக எர்த் பின்னை உடைப்பது

ரேக்கில் பல பெட்டிகள் சேரும்போது எர்த் இரண்டு வழிகளில் இணைந்து, 50 ஹெர்ட்ஸ் ஹம் எழும். ப்ளக்கின் மூன்றாவது பின்னை உடைத்தால் அது நிற்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நிற்கும்தான். பிறகு ஒரு நாள் பெட்டியின் உலோக உடலுக்கு மின்சாரம் வந்தால், உங்கள் கையிலிருக்கும் கம்பிகள் வழியாகத்தான் அது எர்த்தைத் தேடும். எல்லாப் பெட்டிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள்; பெட்டியின் காதுக்கும் ரேக்கின் இரும்புக்கும் இடையே நைலான் வாஷர் வையுங்கள்; அப்படியும் போகாவிட்டால், ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே ஒரு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி வாங்குங்கள்.

ப்ரீசெட் அழியாது என்று நினைப்பது

இந்தத் தலைமுறை ப்ரீஆம்ப்கள் பலவற்றில் ப்ரீசெட்களைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சிறு லித்தியம் பாட்டரி. அது தீர்ந்துபோனால், ஒரு நாள் மாலை சுவிட்சைப் போடும்போது திரையில் உங்கள் ப்ரீசெட் எதுவும் இருக்காது. முப்பது ஆண்டு பழைய பெட்டியை வாங்குகிறவர்கள், அந்தப் பாட்டரியை எப்போது மாற்றினார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பல மாடல்களில் அது சால்டர் செய்யப்பட்டிருக்கும் என்பதால் டெக்னீஷியனிடம் கொடுத்துத்தான் மாற்ற வேண்டும். மாற்றும் முன் மிடி வழியாக எல்லாவற்றையும் கணினியில் சேமித்துவிடலாம். நான் அதோடு நிறுத்துவதில்லை. ரேக்கின் பின்கதவில் ஒட்டிய உறைக்குள் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு ப்ரீசெட், ஏழெட்டு எண்கள், கீழே பென்சிலில் எந்த அறை, எந்த ஸ்பீக்கர் என்ற குறிப்பு. முதல் பக்கத்தின் தலையில் மட்டும் சிவப்பு மையில், 'கேபிள் பின்னால்' என்று எழுதியிருக்கிறேன்.