மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறதா?

நிறையக் காற்றை இழுத்தால் நிறைய நிம்மதி கிடைக்கும் என்று நினைத்துத்தான் பலரும் மூச்சுப் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். வடசேரியில் பஸ்ஸைத் தவறவிட்டவரோ, மார்த்தாண்டம் நெரிசலில் மாட்டிக்கொண்டவரோ, வெப்ராளம் (மனப் பதற்றம்) வந்ததும் நெஞ்சை நிமிர்த்திப் புஸ்புஸ்ஸென்று இழுத்து விடுவார். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், உதட்டோரம் மரத்துப்போகும், விரல் நுனி கூசும். 'எனக்கு இது ஒத்துவராது' என்று அதோடு விட்டுவிடுவார்.

வேகம்தான் இதற்குக் காரணம். பெரிது பெரிதாக வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்காத அளவுக்கு, மூக்கு வழியாக மெதுவாக இழுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சு, ஆறுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டால் கணக்கு சரியாக வரும். கஷ்டமாக இருந்தால் 3 விநாடி இழுத்து 4 விநாடி விட்டுத் தொடங்கலாம்.

அந்த 6 விநாடியைத்தான் பலரும் அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள். மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் பிடியில் தணியும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் சிலருக்கு அது தெரியவே செய்யும். ஆறுதல் பெரும்பாலும் விடும் மூச்சில்தான் இருக்கிறது.

அப்புறம், உட்காரும் விதம். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து பருப்பு உடைப்பவர்களுக்கு வயிறு மடிந்தே இருக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்க இடம் வேண்டாமா? அதே இருப்பில் இழுத்தால் தோள்தான் மேலே போகும், கழுத்துவலிதான் மிஞ்சும். சுவரில் சாய்ந்து, பாவாடை நாடாவையோ பெல்ட்டையோ தளர்த்திவிட்டு, ஒரு கையை நெஞ்சிலும் மறு கையை மேல்வயிற்றிலும் வையுங்கள். வயிற்றுக் கை எழும்ப வேண்டும், நெஞ்சுக் கை அவ்வளவாக அசையக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே வேண்டாம். அண்டி வறுக்கும் புகையிலும் ரப்பர் ஷீட் புகைபோடும் இடத்திலும் வேண்டவே வேண்டாம்.

கடலுக்குப் போன வள்ளம் திரும்பத் தாமதமாகும்போது, குளச்சலிலோ முட்டத்திலோ கரையில் தவித்து நிற்கும் பெண்ணிடம் போய் 'நாலு எண்ணி இழு' என்றால் நடக்குமா? பதற்றத்தில் புதிதாக எதையும் கற்க முடியாது. ஒன்றுமில்லாத நாட்களில், ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம் பழகி வைத்தால்தான் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும். மனதில் எண்ணம் ஓடினால் ஓடட்டும், அதை நிறுத்தப் போராட வேண்டாம்.

மூச்சை ரொம்ப நேரம் அடக்கிப் பிடிப்பது இதற்குத் தேவையே இல்லை. கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. நெஞ்சு அழுத்தி வலித்து, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், டென்ஷன்தான் என்று நினைத்து மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.