தலைசுற்றினால் பிரஷர் கூடிவிட்டதா?

கூடிய பிரஷர் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குவதால்தான் பலருக்குக் கிறக்கம். பிரஷர் மாத்திரையின் வீரியமும் காரணமாகலாம். குலசேகரம் பக்கம் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு ரப்பர் பால் வெட்டக் குனிந்து நிமிர்பவர்கள் இதைக் கவனிக்கணும். கிறங்குகிறதே என்று மாத்திரையைக் கூட்டிப் போட்டால் விழுந்துவிடுவீர்கள்.

5 நிமிடம் படுத்திருந்து அளக்கவும். பிறகு எழுந்து நின்று, 1-வது, 3-வது நிமிடங்களில், கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடித்து அளக்கவும். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், குறித்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். சட்டைக்கு மேல் பட்டையைச் சுற்றினால் அளவு தப்பும். சாயா குடித்த கையோடு பார்த்தாலும்தான்.

வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அளந்துகொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.