எல்லாமே பச்சையாக வந்தால்: மயோசின் 7ஏ ஆன்டிபாடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அக்கா, வந்து பாருங்க. எல்லாமே பச்சையா வந்திருக்கு!" என்று ஜூனியர் ஒருத்தி கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் அறையிலிருந்து ஓடி வந்தாள். புதுச்சேரி மே மாத வெயிலில் ஏசி அறையை விட்டு ஒருத்தி வெளியே ஓடி வருகிறாள் என்றால் விஷயம் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். மயோசின் 7ஏ என்ற புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டிருந்தாள், அந்தப் புரதம் உள்ள செல் மட்டும்தான் பச்சையாக ஒளிர வேண்டும். உண்மையிலேயே எல்லாமே பச்சை. காதில் ஒலியை உணரும் ஹேர் செல் பச்சை, அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல் பச்சை, ரத்தக் குழாய் அதைவிடப் பச்சை. பிரைமரி (புரதத்தில் நேரடியாக ஒட்டும் முதல் ஆன்டிபாடி) போடாத கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் துண்டு, எங்கே என்று கேட்டேன். "திசு கம்மியா இருந்துச்சுக்கா, அதனால வைக்கல."

திசு குறைவாக இருக்கும்போதுதான் கண்ட்ரோல் கட்டாயம் வேண்டும்.

முதலில், மயோசின் 7ஏ என்பது என்ன? தசையைச் சுருக்கும் மயோசினுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழையைப் பிடித்து வேலை செய்யும் மோட்டார் புரதம். உள்காதின் ஹேர் செல்களில், உச்சியில் மயிர்போல் நிற்கும் ஸ்டீரியோசிலியா கற்றையிலும் இருக்கும், செல்லின் உடம்பு முழுக்கவும் இருக்கும். பக்கத்துத் துணைச் செல்லில் இருக்காது. அதனால்தான் ஹேர் செல்களை எண்ண வேண்டுமென்றால் எல்லோரும் இந்த ஆன்டிபாடியைத் தேடுகிறோம். இதன் மரபணு பழுதானால் அஷர் நோய்க்குறி 1பி வரும். பிறவியிலேயே காது கேட்காது, உடல் சமநிலை தடுமாறும், வளர வளர மாலைக்கண்ணும் பார்வைக் குறுகலும் சேரும். 1995இல் இந்தத் தொடர்பு தெரியவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்திலேயே பெண் எடுக்கும் நம் பக்கத்தில் இந்த வகை நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

சரி, ஜூனியரின் பச்சைக்கு வருவோம். அவள் போட்டது சுண்டெலியில் தயாரித்த மோனோகுளோனல் (புரதத்தின் ஒரே இடத்தில் ஒட்டும் ஒரே வகை) ஆன்டிபாடி. திசுவும் சுண்டெலியின் கோக்ளியா, அதாவது உள்காதின் நத்தை வடிவப் பகுதி. பிரைமரியைப் பிடித்து ஒளிரும் செகண்டரி ஆன்டிபாடிக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், சுண்டெலி ஐஜிஜி (ரத்தத்தில் இருக்கும் முக்கிய ஆன்டிபாடி வகை) எங்கே இருந்தாலும் போய் ஒட்டுவது. நாம் ஊற்றியது எது, எலியின் ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? ரத்தக் குழாய் பளிச்சென்று ஒளிர்ந்ததே, அதுதான் காட்டிக்கொடுத்தது. முயலில் தயாரித்த பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகள் கலந்தது) கிடைத்தால் எலித் திசுவுக்கு அதையே எடுங்கள். மோனோகுளோனல்தான் கையில் இருக்கிறதென்றால், முதலில் ஃபேப் துண்டுகளை (ஆன்டிபாடியின் ஒட்டும் பகுதி மட்டும்) வைத்துத் திசுவின் சொந்த ஐஜிஜியை மறைத்துவிட்டு, உங்கள் ஆன்டிபாடியின் ஐஜிஜி துணைவகையை மட்டும் பிடிக்கும் செகண்டரியைப் போடலாம்.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. அழகான படத்தைக் கொடுக்கும், அதனால்தான் ஆபத்து. ஹேர் செல்லுக்கு முயலில் தயாரித்த மயோசின் 7ஏ ஆன்டிபாடி, துணைச் செல்லுக்கு அதில் இருக்கும் சாக்ஸ்2 என்ற புரதத்தைப் பிடிக்க ஆட்டில் தயாரித்த ஆன்டிபாடி என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது வழக்கம். செகண்டரி பெட்டியைத் திறந்தால் "ஆட்டில் தயாரித்தது, முயலைப் பிடிக்கும்" என்று ஒன்று, "கழுதையில் தயாரித்தது, ஆட்டைப் பிடிக்கும்" என்று இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் என்ன ஆகும்? கழுதை செகண்டரி, ஆட்டு சாக்ஸ்2வையும் பிடிக்கும், ஆட்டில் தயாரான முதல் செகண்டரியையும் பிடிக்கும். இரண்டு நிறமும் ஒரே செல்லில் தெரியும். ஹேர் செல் மறுபடி முளைக்கிறதா என்று பாலூட்டிகளின் காதில் உலகமே தேடிக்கொண்டிருக்கும்போது, மயோசின் 7ஏவும் சாக்ஸ்2வும் சேர்ந்து ஒளிரும் செல்லைப் பார்த்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? துணைச் செல் ஹேர் செல்லாக மாறுகிறது என்று நாலு பேருக்கு மெயில் போகும். பிளாக்கிங்குக்கு (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் முன்கூட்டியே மறைப்பதற்கு) ஆட்டு சீரம் போட்டிருந்தால் கழுதை செகண்டரி அதையும் பிடித்துத் திசு முழுக்க ஒரே பூச்சாக நிற்கும். எல்லா செகண்டரியும் கழுதை, பிளாக்கிங் சீரமும் கழுதை என்று ஒரே விலங்கில் நின்றுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு பிரைமரியையும் தனியாகப் போட்ட ஒரு துண்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

சில சமயம் ஆன்டிபாடி மீது பழி விழும், குற்றவாளி எலும்பாக இருக்கும். பிறந்து ஐந்து நாளான குட்டியின் கோக்ளியா மெத்தென்று இருக்கும், ஊசியாலேயே உரித்துவிடலாம். வளர்ந்த எலியின் கோக்ளியா உடம்பின் மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்றுக்குள் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து திசுவைப் பதப்படுத்தும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் போட்டு மூடி வைத்தால் மருந்து உள்ளே போகாது, செல்கள் எலும்புக்குள்ளேயே அழுகும். வட்டச் சன்னல், முட்டைச் சன்னல் இரண்டையும் திறந்து, உச்சியில் சின்ன ஓட்டை போட்டு, மருந்தை மெதுவாக உள்ளே செலுத்த வேண்டும். அப்புறம் இடிடிஏவில் சில நாள் வைத்துச் சுண்ணாம்பை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அமிலத்தில் போட்டால் எலும்போடு எபிடோப்பும் (ஆன்டிபாடி ஒட்டும் இடம்) கெடலாம். வெள்ளிக்கிழமை மாலை பாராஃபார்மால்டிஹைடில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை வந்து எடுப்பதும் ஆகாது. அதிகம் பதப்பட்டால் ஆன்டிபாடி ஒட்டவேண்டிய இடம் மூடிக்கொள்ளும். மெத்தனால் பக்கம் போகவே வேண்டாம், ஆக்டினைக் காட்டக் கூடவே போடும் ஃபேலாய்டின் என்ற சாயம் அதில் ஆக்டினைப் பிடிக்காது.

டைல்யூஷனுக்கு (ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்கச் செய்வது) யாரோ 1:500 என்று எழுதினார்கள் என்பதற்காக நாமும் அதையே போடத் தேவையில்லை. 1:200, 1:500, 1:1000, 1:2000 என்று நாலு கிணற்றில் பார்த்துவிடுங்கள். பாலிகுளோனல் என்றால் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். முயல் வேறு, ரத்தம் எடுத்த நாள் வேறு என்றால் குணமும் வேறாக இருக்கலாம்.

ஆன்டிபாடியைக் கெடாமல் வைப்பது பற்றி நம் ஊர்க்காரர்கள் தனியாகப் பேச வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். தேதி பார்த்துத்தான் வருமோ என்னவோ! புயல் வராத நாளிலும் கரண்ட் போகும், வரும். ஒரே குப்பியை ஆறு மாதம் உறைய வைத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்தால் ஆன்டிபாடி கட்டி தட்டிப்போகும். வந்த அன்றே பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20இல் வைத்துவிடுங்கள். தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃபிரீசர் இதற்கு ஆகாது, அது உள்ளுக்குள் சூடேறி இறங்கிக்கொண்டே இருக்கும். பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வந்திருந்தால் மைனஸ் 20இல் உறையாது, பிரிக்கவும் தேவையில்லை. கூரியர் சனிக்கிழமை வந்து ஐஸ் பேக் தண்ணீராக இருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். ஐஜிஜி அவ்வளவு தொட்டாச்சிணுங்கி இல்லை. போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறை) போடுகிறவர்கள் முதலில் புரதத்தின் எடையைப் பாருங்கள். 2215 அமினோ அமிலம், சுமார் 250 கிலோடால்டன். 10 சதவீத ஜெல்லில் ஓட்டி ஒன்றரை மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றுவது) செய்துவிட்டு "ஒண்ணும் வரல" என்று கம்பெனிக்கு எழுதுவது வீண். 6 சதவீத ஜெல், குளிர் அறையில் இரவு முழுக்க டிரான்ஸ்ஃபர். 50 கிலோடால்டனில் ஒரு பட்டை பளிச்சென்று வந்தால் சந்தோஷப்பட எதுவும் இல்லை. முழு கோக்ளியாவை அரைத்தாலும் அதில் ஹேர் செல் கொஞ்சம்தான், சிக்னல் மங்கலாகவே இருக்கும். பக்கத்துக் கிணற்றில் விழித்திரையோ விரையோ வைத்தால் ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

நெகடிவ் கண்ட்ரோலில் நானே ஏமாந்திருக்கிறேன். மயோசின் 7ஏ பழுதான ஷேக்கர்-1 எலி சுற்றிச் சுற்றி ஓடும், காது கேட்காது. அப்படியானால் அதன் காதில் ஆன்டிபாடி ஒட்டக் கூடாது என்று நினைத்தேன், ஒட்டியது. முதலில் கண்டறிந்த ஷேக்கர்-1இல் இருப்பது ஒரே ஒரு அமினோ அமில மாற்றம்தான். புரதம் உண்டாகிறது, வேலைதான் செய்யவில்லை. புரதமே உண்டாகாத வகை எலி கிடைத்தால்தான் அது உண்மையான கண்ட்ரோல். சின்ன ஆய்வகத்தில் அதற்கு எங்கே போவது? புரதத்தின் வேறு பகுதிக்கு எதிராகத் தயாரித்த இரண்டாவது ஆன்டிபாடியும் அதே செல்களைக் காட்டுகிறதா என்று பாருங்கள். மீனில் வேலை செய்பவர்கள், மனிதப் புரதத்தின் எந்தத் துண்டுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரானது என்று கேட்டு மீனின் வரிசையோடு ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். வரிக்குதிரை மீனில் இந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு.

ஆன்டிபாடி ஒழுங்காக ஒட்டிய பிறகும் எழுதுவதில் தவறு நடக்கும். மயோசின் 7ஏ ஒளிர்ந்த செல்லை "கேட்கும் செல்" என்று எழுதிவிடுகிறார்கள். சுண்டெலிக் குட்டிக்குப் பிறப்பதற்கு முன்பே ஹேர் செல்லில் இந்தப் புரதம் வந்துவிடும். ஆனால் அது காது கேட்கத் தொடங்குவது பிறந்து சுமார் 12 நாள் கழித்துத்தான்.

ஜூனியர் முயல் ஆன்டிபாடியோடு மறுபடி செய்தாள். இந்த முறை பிரைமரி இல்லாத துண்டும் இருந்தது, அதில் உட்கருவின் நீலம் மட்டும். "கொஞ்சம் மங்கலா இருக்குல்லக்கா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள். உள்வரிசை ஒன்று, வெளிவரிசை மூன்று, நடுவில் துணைச் செல்கள் இருட்டாக. விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனவள் வெளிவரிசையில் இரண்டாவதில் நின்றாள். அங்கே ஒரு செல் இல்லை. முந்தைய படத்தைத் திறந்து அதே மாதிரி இடைவெளி தெரிகிறதா என்று தேடினாள். பச்சைதான் இருந்தது.